அந்த விமர்சனம் எங்கே?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது நடுவே கேமர்கேட் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் அதிகம். ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

விவரம் தெரியாதவர்களுக்கு: 2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஸோயி க்வின் என்ற கேம் உருவாக்குநரைப் பற்றி அவருடைய முன்னாள் காதலர் இணையத்தில் நீளமாக ஒரு பதிவு போட்டார். அந்தரங்கச் சண்டை. அதைப் படித்தவர்கள், கொடாக்கு என்ற கேம் செய்தித் தளத்தின் நிருபர் ஒருவரோடு க்வின் பழகியதால்தான் அவருடைய டிப்ரெஷன் க்வெஸ்ட் என்ற கேமுக்கு நல்ல விமர்சனம் கிடைத்தது என்று கிளப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் 27ஆம் தேதி நடிகர் ஆடம் பால்ட்வின் ட்விட்டரில் கேமர்கேட் என்று ஒரு ஹேஷ்டேக் போட, அதுவே இயக்கத்தின் பெயராகிவிட்டது. ஒரு தரப்பு இதை கேம் பத்திரிகைகளின் ஒழுக்கத்துக்கான போராட்டம் என்றது. மறு தரப்பு, பெண்களை இந்தத் துறையிலிருந்து விரட்டும் வேலை என்றது. சில மாதங்களில் க்வின், விமர்சகர் அனிதா சர்கீசியன், உருவாக்குநர் பிரியானா வூ என வரிசையாக மிரட்டல்களால் வீட்டை விட்டு வெளியேற வேண்டிவந்தது. இனி கடிதங்கள்.

இதழியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு கேமர்கேட்டை எடுத்திருக்கிறேன். “இரண்டு தரப்பையும் சமமாக எழுது” என்கிறார் வழிகாட்டி. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு மாணவி, திருச்சி

சின்னக் குற்றச்சாட்டிலிருந்து தொடங்குங்கள். “கேமர் பண்பாடு”, “ஊடகச் சதி”, “ஆணாதிக்கம்” என்ற பெரிய சொற்களையெல்லாம் ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் வேராகச் சொல்லப்பட்ட அந்த நல்ல விமர்சனம் எங்கே? யார் எழுதினார், எந்தத் தேதியில் வந்தது?

தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை. கொடாக்குவின் அப்போதைய ஆசிரியர் ஸ்டீபன் டொட்டிலோ 2014 ஆகஸ்ட் 20 அன்றே விசாரித்து அறிக்கை வெளியிட்டுவிட்டார். அந்த நிருபர் கொடாக்குவில் க்வின்னைக் குறிப்பிட்டு எழுதியது ஒரே ஒரு முறை, மார்ச் 31ஆம் தேதி, பாதியில் நின்றுபோன ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சியைப் பற்றிய கட்டுரையில். அவர்கள் பழக ஆரம்பித்தது அதற்குப் பிறகு, ஏப்ரல் தொடக்கத்தில். அதற்கும் முன்னால் ஜனவரியில் வேறொரு தளத்தில், ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் விற்க அனுமதி பெற்ற 50 கேம்களின் பட்டியல் ஒன்றை அதே நிருபர் எழுதியபோது டிப்ரெஷன் க்வெஸ்டைக் கொஞ்சம் தனித்துச் சொல்லியிருந்தார். இதையும் உங்கள் ஏட்டில் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். ஆனால் அது விமர்சனம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. அந்த கேமோ இலவசமாகவே விளையாடக் கிடைத்த ஒன்று. மன அழுத்தத்தில் இருக்கும் ஒருவரின் நாட்களை வரிவரியாக வாசித்துத் தேர்வு செய்துகொண்டே போகிற எழுத்து விளையாட்டு.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட சர்ச்சையில் நூறு குற்றச்சாட்டு ஒரே நேரத்தில் வரும், ஒன்றைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பத்து புதிதாக முளைத்திருக்கும், கடைசியில் ஆய்வாளர் களைத்துப்போய் “இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது” என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார். அந்தக் களைப்பில் எழுதப்பட்ட கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன், படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. உங்கள் வழிகாட்டியிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: இரண்டு தரப்புக்கும் ஒரே கவனம் கொடுப்பேன், இரண்டு தரப்பின் வாதத்தையும் அவர்களே ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதிவைப்பேன், ஆனால் சரிபார்த்துப் பொய் என்று தெரிந்ததைப் பொய் என்றுதான் எழுதுவேன் என்று. எந்த நல்ல பேராசிரியரும் இதை மறுக்கமாட்டார்.

நானும் பதினைந்து வருடமாக கேம் ஆடுகிறவன். கேம் பத்திரிகைகளில் ஊழல் இருந்தது உண்மைதானே? அதைக் கேட்டவர்களை எல்லாம் பெண் வெறுப்பாளர் என்று முத்திரை குத்திவிட்டீர்கள். உங்கள் பதிலை வெளியிடுவீர்களா?
– ஒரு மென்பொருள் பொறியாளர், சென்னை

கேள்வியையும் சேர்த்தே வெளியிட்டுவிட்டேன்.

ஊழல் இருந்தது. 2007இல் கேம்ஸ்பாட் தளம் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற மூத்த விமர்சகரை வேலையை விட்டு நீக்கியது. கேன் அண்டு லிஞ்ச் என்ற கேமுக்கு அவர் சுமாரான மதிப்பெண் கொடுத்திருந்தார். அதே கேமின் விளம்பரம் அந்தத் தளம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரதாரர் நெருக்கடிதான் காரணம் என்று அவரே வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது 2012இல்தான். கேம் ரசிகர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம், அதனால் பத்திரிகைகள் மீது அவநம்பிக்கை வெறும் காற்றில் பிறந்ததில்லை. 2014 செப்டம்பரில் கேம் நிருபர்களின் தனிப்பட்ட மடல் குழு ஒன்றின் உரையாடல்கள் கசிந்தன. அதில் ஆர்ஸ் டெக்னிகா என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் கைல் ஆர்லண்ட், க்வின்னுக்கு ஆதரவாகக் கூட்டுக் கடிதம் எழுதலாமா என்று யோசனை சொல்லியிருந்தார். மற்றவர்கள் தடுத்தார்கள், கடிதம் எழுதப்படவில்லை, அப்படி யோசித்ததே தவறு என்று அவரும் பிறகு வெளிப்படையாக எழுதினார். அந்த ஆகஸ்ட்டிலேயே, தன் நிருபர்கள் எந்த கேம் உருவாக்குநருக்கும் பேட்ரியான் என்ற நன்கொடைத் தளம் மூலம் பண உதவி செய்யக் கூடாது என்று கொடாக்கு விதியை மாற்றியது. வேறு சில தளங்களும் நிருபருக்கு இருக்கும் நட்பு, பணத் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்றன. இவையெல்லாம் நடந்தன, ஆய்வு செய்கிறவர் இவற்றை மறைத்தால் அது நேர்மையில்லை.

ஆனால் உங்களிடம் திருப்பி ஒன்று கேட்கிறேன். அதே 2014 இலையுதிர் காலத்தில் ஷேடோ ஆஃப் மோர்டார் என்ற பெரிய கேம் வந்தது, நீங்களும் ஆடியிருப்பீர்கள். அதைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸ் சார்பில் யூட்யூபர்களுக்குப் பணம் போனது. நல்லதாகத்தான் பேச வேண்டும், கேமில் இருக்கும் பிழைகளைக் காட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். 2016இல் அமெரிக்காவின் வணிக ஆணையம் இதை விசாரித்து, அந்த வீடியோக்களை 55 லட்சம் முறைக்கு மேல் மக்கள் பார்த்திருக்கிறார்கள் என்றது. காசு கொடுத்துப் பாராட்டு வாங்கியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? அதைப் பற்றியும் அப்போது சிலர் பேசினார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இதற்காக வார்னர் அதிகாரி யாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு ஓடவில்லை. ஓடியவர்கள், இலவச கேம் ஒன்றைச் செய்தவரும், யூட்யூபில் விமர்சன வீடியோ போட்டவரும், சின்ன நிறுவனம் நடத்தியவரும்தான். ஊழல் பற்றிய கோபம் உண்மை. அந்தக் கோபம் யார் வாசலில் போய் நின்றது என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

ஹேஷ்டேக் போட்டவர்கள் லட்சக்கணக்கில். மிரட்டல் விட்டவர்கள் கேமர்கேட்காரர்கள்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்?
– ஒரு வாசகர், மதுரை

ஒவ்வொரு மிரட்டலுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. இந்தத் தலைப்பில் எழுதுகிறவரைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

ஒரு கட்சி என்றால் உறுப்பினர் அட்டை இருக்கும், சங்கம் என்றால் தலைவர் இருப்பார். ஹேஷ்டேக்குக்கு இரண்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வந்து எதையாவது செய்துவிட்டு வெளியேறலாம். “அது நாங்கள் இல்லை” என்று எப்போதும் சொல்லிக்கொள்ளலாம், எதிர்த்தரப்பும் “எல்லாம் நீங்கள்தான்” என்று எப்போதும் சொல்லிக்கொள்ளலாம்.

யூட்டா சம்பவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 15 அன்று யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனிதா சர்கீசியன் பேசுவதாக இருந்தது. கேம்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதைப் பற்றி வீடியோத் தொடர் செய்தவர் அவர். அவர் பேசினால் அமெரிக்க வரலாற்றிலேயே மிக மோசமான பள்ளித் துப்பாக்கிச் சூட்டை நடத்துவேன் என்று முந்தைய நாள் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி உரிமம் உள்ளவர்கள் வளாகத்துக்குள் மறைத்துத் துப்பாக்கி கொண்டுவரலாம், அவர்களைத் தடுக்க முடியாது என்று காவல்துறை கை விரித்தது. அவர் பேச்சை ரத்து செய்தார். இவ்வளவும் ஆவணத்தில் உள்ளது, யாரும் மறுக்கவில்லை. அனுப்பியவர் யார்? பல மிரட்டல்கள் வந்ததாகவும், அவற்றில் ஒன்று தன்னை கேமர்கேட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டதாகவும் சர்கீசியன் எழுதினார். அவ்வளவுதான். நான் எழுதினால் அந்த அளவோடு நிறுத்துவேன். “கேமர்கேட் துப்பாக்கி மிரட்டல்” என்று தலைப்பு வைக்கமாட்டேன், “சம்பந்தமே இல்லை” என்றும் எழுதமாட்டேன்.

இன்னொன்றையும் கூடவே எழுத வேண்டும். சர்கீசியன் மீதான தாக்குதல் 2014இல் தொடங்கவில்லை. 2012இல் தன் வீடியோத் தொடருக்காக அவர் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 6,000 டாலர் கேட்டார், ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. வசைமழை அப்போதே ஆரம்பித்துவிட்டது. அவர் படத்தைச் சொடுக்கச் சொடுக்க முகம் வீங்கிக் காயமாகிற மாதிரி ஒரு கேம்கூட அப்போதே செய்து வெளியிட்டார்கள். கேமர்கேட் என்ற பெயர் பிறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பெயரை மட்டும் தேடுகிற ஆய்வில் இந்த முன்கதை அகப்படாது.

ட்வீட்களை எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடாதா? தரவு பொய் சொல்லாதே!
– புள்ளியியல் துறை, கோவை

தரவு தானாக எதையும் சொல்லாது, நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இதற்கு கேமர்கேட்டிலேயே மூன்று நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

2014 அக்டோபரில் நியூஸ்வீக் இதழ், பிராண்ட்வாட்ச் என்ற நிறுவனத்தைக் கொண்டு ட்வீட்களை எண்ணியது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அந்த ஹேஷ்டேக்கோடு க்வின்னை நோக்கிப் போன ட்வீட்கள் 10,400. குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்ட அந்த நிருபரை நோக்கிப் போனவை 732. அதாவது பத்திரிகை ஒழுக்கம் என்று பேசிய கூட்டம், பத்திரிகைக்காரரைவிட 14 மடங்கு அதிகமாக கேம் செய்தவரிடம் போய்ப் பேசியிருக்கிறது. வலுவான எண் இது. ஆனால் அதே ஆய்வில் பெரும்பாலான ட்வீட்களை மென்பொருள் “நடுநிலை” என்று வகைப்படுத்தியிருந்தது, உடனே இயக்கத்தின் ஆதரவாளர்கள் “பார்த்தீர்களா, நாங்கள் யாரையும் திட்டவே இல்லை” என்று அதையே தூக்கிப் பிடித்தார்கள். நடுநிலை என்று மென்பொருள் சொல்வது, கெட்ட வார்த்தையும் பாராட்டுச் சொல்லும் அதன் கண்ணில் படவில்லை என்பதைத்தான். ஒருவரிடம் நாள் முழுக்க ஆயிரம் பேர் வந்து, கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், “உங்கள் பழைய காதலைப் பற்றி விளக்கம் கொடுங்கள்” என்று கேட்டால் அதையும் அந்த மென்பொருள் நடுநிலை என்றே போடும். வாங்கிக்கொள்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே மாதம் ஆண்டி பையோ என்பவர் 72 மணி நேரத்தில் வந்த ட்வீட்களைத் திரட்டினார், 3,16,000க்கு மேல். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் மறுபகிர்வு. யார் யாரைப் பகிர்கிறார்கள் என்று படம் வரைந்தபோது இரண்டு பெரிய கொத்துகள் தனித்தனியே நின்றன, இடையில் போக்குவரத்து அபூர்வம். லட்சம் ட்வீட் என்றதும் லட்சம் பேர் கூடி விவாதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம், அந்த எண்ணத்தை உடைத்ததற்காகவே அந்த வேலையை எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது, ‘வாம்’ என்ற பெண்கள் அமைப்பு 2014 நவம்பரில் மூன்று வாரம் ட்விட்டர் துன்புறுத்தல் புகார்களை வாங்கி, 2015இல் அறிக்கை வெளியிட்டது. புகாருக்குள்ளான 512 கணக்குகளில் கேமர்கேட்டோடு தொடர்புபடுத்த முடிந்தவை 12 சதவீதம். “வெறும் 12 சதவீதம்தான்” என்றார்கள் ஒரு தரப்பு. “ட்விட்டர் முழுவதிலிருந்தும் வந்த புகாரில் ஒரே ஹேஷ்டேக்குக்கு 12 சதவீதமா!” என்றார்கள் மறு தரப்பு. அந்தத் தொடர்பை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்தால், அப்போது புழக்கத்தில் இருந்த ஒரு தானியங்கித் தடைப் பட்டியலில் அந்தக் கணக்கு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலோ, குறிப்பிட்ட சில கணக்குகளைப் பின்தொடர்கிறவர்களை வைத்துத் தானாக உருவானது. ஆக 12 என்ற எண்ணை எழுதும்போது மூன்று வாரம், ஓர் அமைப்புக்கு வந்த புகார்கள், ஒரு தடைப் பட்டியல் என்ற மூன்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத இடமில்லையா, எண்ணையும் எடுத்துவிடுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட்டை ஆதாரமாக வைக்கலாமா?
– ஒரு பகுதிநேர நிருபர், நாகர்கோவில்

மூலப் பக்கமும் இருந்தால் வைக்கலாம். தனியாக என்றால் “இன்னார் வெளியிட்ட படத்தில் இப்படி இருக்கிறது” என்ற அளவுக்குத்தான்.

2014 செப்டம்பரில் க்வின், ஃபோர்சான் என்ற பெயரில்லாமல் எழுதும் இணைய மன்றத்து ஆட்கள் கூடிப் பேசிய அரட்டை அறை ஒன்றுக்குள் இருந்து எடுத்த ஸ்க்ரீன்ஷாட்களை வெளியிட்டார். இதெல்லாம் திட்டமிட்ட தாக்குதல் என்பதற்கு அவை சாட்சி என்றார். உடனே அந்த அறையில் இருந்தவர்கள் “வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்” என்று முழு உரையாடல் பதிவையும் பொதுவில் போட்டார்கள். ஆயிரக்கணக்கான வரிகள். இரண்டு தரப்பும் அதே கோப்பிலிருந்து தனக்கு வேண்டிய வரிகளை எடுத்துக்காட்டியது. இந்த இடத்தில் ஆய்வாளருக்குக் குறுக்குவழி எதுவும் இல்லை, உட்கார்ந்து முழுக்கப் படிக்க வேண்டும். சலிப்பான வேலை, அருவருப்பான வேலையும்கூட. படித்தால் ஒன்று புரியும்: அந்த அறையில் எல்லோரும் ஒரே நோக்கத்தோடு இல்லை. ஒருவர் பத்திரிகை ஒழுக்கம் என்பார், அடுத்த வரியில் இன்னொருவர் க்வின்னைப் பற்றி இங்கே அச்சிட முடியாத ஒன்றைச் சொல்வார், முதலாமவர் அதைக் கண்டுகொள்ளாமல் தன் பேச்சைத் தொடர்வார். இப்படி வேண்டியதை வெட்டிய படத்தில் அந்தக் கண்டுகொள்ளாமை தெரியாது.

அழிந்துபோவது இன்னொரு தலைவலி. ட்வீட் போட்டு, போய்ச் சேர்ந்ததும் அழித்துவிடுவது அப்போது வழக்கமாகவே இருந்தது. புகார் கொடுப்பவர்களிடம் ட்விட்டர் ஸ்க்ரீன்ஷாட்டை ஏற்காமல் சுட்டி கேட்டது. அழித்த ட்வீட்டுக்குச் சுட்டிக்கு எங்கே போவது? ‘வாம்’ அறிக்கையே இந்தக் குறையைச் சொல்கிறது. ஃபோர்சான் இந்தப் பேச்சைத் தடை செய்ததும் கூட்டம் எய்ட்சான் என்ற அதே மாதிரித் தளத்துக்குப் போனது, அந்தத் தளமும் 2019 ஆகஸ்ட்டில் எல் பாசோ துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு இணையத்திலிருந்து இறங்கிவிட்டது. 2023இல் ட்விட்டர் தன் இலவசத் தரவு வழியை மூடியது, ரெடிட்டும் கட்டணம் வைத்தது. அதனால் பார்த்த உடனே காப்பகத் தளத்தில் சேமியுங்கள், சேமித்த தேதியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

விக்கிப்பீடியா கட்டுரையை நம்பலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அடிக்குறிப்புகளுக்காகப் படியுங்கள், அப்புறம், தொகுப்பாளர்கள் தங்களுக்குள் விவாதிக்கும் அதன் பேச்சுப் பக்கத்தைப் படியுங்கள். அதுவே ஒரு தனி ஆய்வுக்குப் போதும். அங்கே சண்டை முற்றி விக்கிப்பீடியாவின் நடுவர் குழு வரை போனது. பாலினம் தொடர்பான கட்டுரைகளைத் தொட ஐந்து தொகுப்பாளர்களுக்குத் தடை என்று 2015 ஜனவரியில் பிரிட்டன் நாளிதழான கார்டியன் செய்தி போட்டது, உலகம் முழுக்க அது பரவியது. அப்போது இறுதித் தீர்ப்பே வந்திருக்கவில்லை. வந்தபோது முழுத் தடை ஒருவருக்குத்தான், மற்றவர்களுக்கு அந்தத் தலைப்பைத் தொடக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள், அதுவும் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும். கார்டியன் பிறகு திருத்தியது. முதல் தலைப்பை நம்பி எழுதியவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்து திருத்தினார்களோ!

என் மகள் இந்த மாதிரி விஷயத்தில் ஆய்வு செய்கிறாள். படிக்கப் படிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ஐயா, பயம் நியாயமானது. நிறுத்தச் சொல்லாதீர்கள், ஆனால் தனியாக விடாதீர்கள்.

ஷிரா செஸ், ஏட்ரியன் ஷா என்று இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள். கேம் ஆய்வாளர்களின் டிக்ரா மாநாட்டில், கேம் பண்பாட்டில் பன்மை பற்றி ஒரு கலந்துரையாடல் நடத்தினார்கள். குறிப்புகளை எல்லோரும் எழுதலாம் என்று ஒரு கூகுள் ஆவணத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். கல்வித்துறையில் தினமும் நடப்பதுதான். அந்த ஆவணம் கேமர்கேட் ஆட்கள் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், கல்வியாளர்கள் கேம் துறையைக் கைப்பற்றச் சதி செய்கிறார்கள் என்பதற்கு அது ஆதாரமாகிவிட்டது. முன்பின் தெரியாத ஆட்கள் ஆவணத்துக்குள் வந்து கருத்து எழுதினார்கள், டிக்ரா ஆய்வாளர்களின் கட்டுரைகளைத் தோண்டித் துருவ ஒரு தனிப் படையே கிளம்பியது. ஆய்வாளரையே ஆய்வுப் பொருளாக மாற்றிவிட்டார்கள். இரண்டு பேரும் பயந்து ஒதுங்காமல், தங்களுக்கு நடந்ததையே எடுத்து 2015இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியது எனக்கு இன்றும் பெரிய தைரியம் தருகிறது.

2016இல் ஆலிஸ் மார்விக்கும் இன்னும் இருவரும் சேர்ந்து டேட்டா அண்டு சொசைட்டி என்ற நிறுவனத்துக்காக, இப்படி ஆபத்தான தலைப்பில் வேலை செய்கிறவர்களுக்குக் கையேடு ஒன்று தயாரித்தார்கள். பல்கலைக்கழகமும் பொறுப்பேற்க வேண்டும் என்று அதில் அழுத்தமாகச் சொல்கிறார்கள். நம் ஊர் கல்லூரிகளுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும், ஏனென்றால் ஆசிரியர், ஆய்வு மாணவர் எல்லோருடைய அலைபேசி எண்ணையும் சில சமயம் வீட்டு முகவரியையும்கூட இணையதளத்தில் போட்டுவைத்திருக்கிற கல்லூரிகள் இங்கே ஏராளம். மகளிடம் சொல்லி அதை எடுக்கச் சொல்லுங்கள். ஆய்வுக்கென்று தனி மின்னஞ்சல், எல்லாக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு, குடும்பப் படங்கள் இருக்கும் பக்கங்களுக்குப் பூட்டு. கட்டுரை வெளியாகும் வாரத்தில் அவளுக்கு வரும் செய்திகளை அவள் படிக்க வேண்டாம், நம்பிக்கையான தோழி ஒருத்தி படித்து, மிரட்டலை மட்டும் சேமித்துத் தரட்டும். அந்த மிரட்டல்களை அழிக்காமல் வைத்திருந்து தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். அப்புறம், வீட்டில் இதைப் பற்றி அவளோடு பேசுங்கள். நாள் முழுக்க வசவுகளைப் படித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் “இதெல்லாம் உனக்குத் தேவையா?” என்று கேட்டால் அவள் அடுத்த முறை எதையும் சொல்லமாட்டாள்.

மேற்கோள் காட்டும்போது வசவுகளை அப்படியே போடலாமா? எழுதியவர்களின் பெயரையும் போடலாமா?
– ஒரு முனைவர் பட்ட மாணவர், புதுச்சேரி

வசவை அப்படியே போட்டால் அதை எழுதியவன் நினைத்தது நிறைவேறுகிறது, “தகாத சொற்கள்” என்று மழுப்பினால் படிக்கிறவருக்கு அதன் கொடூரம் உறைப்பதில்லை. ஆய்வாளர் விட்னி ஃபிலிப்ஸ் பல பத்திரிகையாளர்களிடம் பேசி 2018இல் எழுதிய அறிக்கை முழுக்க இந்த இழுபறியைப் பற்றித்தான். விளம்பரம் தேடுகிறவர்களுக்கு நாமே விளம்பரம் கொடுத்துவிடுகிறோம் என்பது அவர் கவலை. நான் கடைப்பிடிப்பது, ஒரு கட்டுரைக்கு ஒரே ஒரு மிரட்டலை முழுமையாகக் காட்டுவது, மற்றவற்றை விவரிப்பது, அந்தரங்கத் தகவல் உள்ள எதையும் எந்தக் காரணத்துக்காகவும் காட்டாமல் இருப்பது.

பெயர் விஷயத்தில், ஆடம் பால்ட்வின் மாதிரிப் பொதுவாழ்வில் இருப்பவர்களைப் போடலாம். எங்கோ உட்கார்ந்து ஒரு ட்வீட் போட்ட பத்தொன்பது வயதுப் பையன் பெயரைப் போடாதீர்கள், பிழைகளோடு சேர்த்து அவன் வரியை அப்படியே தந்தாலும் தேடினால் அகப்பட்டுவிடுவான் என்பதையும் மறக்காதீர்கள். அடுத்தவரின் முகவரியைத் தோண்டி எடுத்த கூட்டத்தைப் பற்றி எழுதும்போது நாமும் அதையே செய்யக் கூடாது.

பத்து வருடம் ஓடிவிட்டது. இன்னும் எதற்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?
– ஒரு வாசகர், சேலம்

2024 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? மாண்ட்ரியாலில் ஸ்வீட் பேபி என்ற சிறிய கதை ஆலோசனை நிறுவனம். கேம்களுக்குள் வலுக்கட்டாயமாக “முற்போக்கை” நுழைக்கிறார்கள் என்று அதன் மீது குற்றச்சாட்டு, அது வேலை செய்த கேம்களைப் பட்டியலிட ஸ்டீமில் ஒரு குழு, அந்தக் குழுவுக்கு லட்சத்துக்கு மேல் பின்தொடர்வோர், அங்கே வேலை செய்தவர்களுக்கு வசவு. கேமின் கதையைப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு, எனக்கும் பல கேம்களின் கதை பிடிப்பதில்லை. ஆனால் ஆலோசகர் உண்மையில் எந்த வசனத்தை எழுதினார், எந்த முடிவை எடுத்தார் என்று சரிபார்த்துவிட்டு ஆரம்பித்தவர்கள் அதில் எத்தனை பேர்? பத்து வருடத்துக்கு முன்னால் விமர்சனம் எங்கே என்று கேட்காமல் கிளம்பியது போலவே இதுவும் கிளம்பியது.

எனக்கு நேரம் குறைவு. ஒரே ஒரு ஆவணம் படிக்கலாம் என்றால் எதைப் படிப்பது?
– ஒரு வாசகி, வேலூர்

எஃப்பிஐ 2017 ஜனவரியில் வெளியிட்ட கேமர்கேட் விசாரணைக் கோப்பு. 170 பக்கத்துக்குக் கொஞ்சம் மேல், இணையத்தில் இலவசம். பெயர்களையெல்லாம் மறைத்திருக்கிறார்கள், அதனால் யாருக்கு வந்த மிரட்டல் என்பதை நீங்களே தேதியை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். மிரட்டல் மின்னஞ்சல்கள், அவை எங்கிருந்து வந்தன என்று தேடிய குறிப்புகள், மிரட்டல் அனுப்பியதை ஒப்புக்கொண்ட ஒருவர் இனி செய்யமாட்டேன் என்று சொன்னது, கடைசியில் வழக்குத் தொடராமல் கோப்பை மூடியது எல்லாம் அதில் உண்டு. படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, எந்த மிரட்டல் எந்த நாளில் வந்தது, விசாரணை அதிகாரி எத்தனை நாள் கழித்து யாரைச் சந்தித்தார் என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். குறித்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்த மாதம் அதையே முதல் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.